நவம்பர் ஒன்பதாம் திகதிக் கணக்கு

களுதாவளை,
02.02.2025

மச்சானுக்கு,

பன்னிரண்டு நாளாக உங்கள் அழைப்பை நான் எடுக்கவில்லை. இனியும் எடுக்கமாட்டேன். போனில் பேசினால் நீங்கள் பேச்சைத் திருப்பிவிடுவீர்கள், நான் அழத் தொடங்குவேன், கடைசியில் யார் என்ன சொன்னது என்று இரண்டு பேருக்குமே நினைவிருக்காது. எழுதினால் எழுதியபடி கிடக்கும். ஆகவே எழுதுங்கள்.

அன்றைக்கு ஆசுபத்திரி வாசலில் நின்றுதான் உங்களுக்குப் போன் எடுத்தேன். ஒருவரைக் காரால் அடித்துவிட்டேன் என்று சொன்னதும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "காருக்கு என்ன நடந்த?" அடிபட்டவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கவில்லை. எனக்குக் காயமா என்றும் கேட்கவில்லை. நாம் கல்யாணம் முடித்து ஒன்பது வருஷம். அந்தச் சிவப்புக் கார் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம். இரண்டில் எது உங்களுக்குப் பெரிது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. தூறல். என்னோடு வருகிற இரண்டு டீச்சர்மாரும் அன்று லீவு, நான் தனியே. பட்டிருப்புப் பாலம் கடந்து வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இறங்கி, வயல் வட்டைக்கு நடுவே போகிற நேர் வீதியில் ஐம்பதில் போனேன். வயல் வரம்பால் ஏறிச் சைக்கிளில் ஒருவர் வீதிக்கு வந்தார். தூரத்திலேயே கண்டேன். பிறேக் அடித்தேன். அடித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கார் நிற்கவில்லை.

அவர் பெயர் கந்தப்போடி. வயது அறுபத்தொன்று. அந்த வட்டையில் மூன்று ஏக்கர் நெல் வேளாண்மை, இந்த மாதம் அறுவடை வெட்டு. வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. ஆசுபத்திரியில் பொலிஸ்காரர் வந்து விசாரித்தபோது, "மழைக்குச் சறுக்கி நானாத்தான் விழுந்தன்" என்று சொல்லிவிட்டார். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்க நான் ஒருத்திதான் என்பது அவருக்குத் தெரியும். நான் வழக்கென்று அலைந்தால் பிள்ளைகளுக்கு ஆளில்லை என்று நினைத்துச் சொன்ன பொய். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

மாதக் கடைசியில் கார்க் கணக்கு வரவேண்டும் என்பது உங்கள் சட்டம். ஜனவரி: பெற்றோல் 19,400. டீச்சர்மாரின் பங்கு கழித்தால் 12,400. காரின் முன்பக்கம் நெளிந்து சில்லில் உரசியதால் லொறியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த கூலி 8,000. கந்தப்போடி ஐயாவுக்கு மருந்து, அவர் மகள் ஆசுபத்திரியில் தங்கிநின்ற செலவு 14,650. கொப்பியில் நீங்கள் கோடு போட்டு வைத்த நிரல்கள் பெற்றோல், ஒயில், ரயர், திருத்தம், காப்புறுதி. கடைசிச் செலவை எதற்குள் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ‘திருத்தம்’ என்பதற்குள் எழுதியிருக்கிறேன்.

கேதீஸ்வரி


டோஹா,
15.02.2025

என் கேதாவுக்கு,

அறையில் ஆறு பேர் இருக்கிறோம். உன் கடிதத்தைக் குளியலறைக்குள் கொண்டுபோய்த்தான் வாசித்தேன். பதிலை நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

காருக்கு என்ன என்று கேட்டது பெரிய பிழை. வாய் தடுமாறிவிட்டது, வேறு ஒன்றும் இல்லை. நீ அதை மனதில் வைத்திருக்காதே. நடந்ததில் பிழை உன்னுடையது இல்லை. மழை வீதி. அந்த மனுசனும் வீதியைப் பார்க்காமல் ஏறியிருப்பார். அவரே தான் விழுந்ததாகச் சொன்ன பிறகு நீ ஏன் அதைக் கிளறுகிறாய்? செலவுக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல், அனுப்புகிறேன்.

நான் யோசித்துப் பார்த்தேன், காரை விற்றுவிடுவோம். வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள், பழைய கார்களின் விலை இனி இறங்கத்தான் போகிறது. நெளிவைத் திருத்தாதே. உள்ளது உள்ளபடியே கொடு. கராஜ் பாஸ்மார் எவரிடமும் கழற்றக் கொடுக்காதே. கழற்றினால் அது போய்விட்டது, இது போய்விட்டது என்று சொல்லிக் காசு கறப்பார்கள். விற்கும்வரை பற்றறி வயரைக் கழற்றி வை. வாவிக் காற்று உப்பு, சில்லுகளை நல்ல தண்ணீரால் ஒருதரம் கழுவு. மூடி வைக்காதே, ஈரம் தங்கும்.

விற்கச் சொல்லி எழுதுகிறது லேசில்லை, கேதா. ஆறு கியர், நாலு சில்லுக்கும் டிஸ்க் பிறேக், அந்தச் சின்ன உடம்புக்குள் அவ்வளவு பெரிய எஞ்சின். நம்மைப் போன்ற ஆட்களுக்கு அப்படியொரு கார் கட்டுப்படியாகாது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் கணக்கு வைத்துக் காட்டினேன். கிலோமீற்றருக்கு நாற்பத்தொரு ரூபா. மாதக் கடைசியில் நான் கூட்டி வாசிப்பேன், நீ எட்டிப் பார்த்துக் கூட்டலில் பிழை பிடிப்பாய். கார்ச் செலவு ஒரு மாதமாவது முப்பத்தையாயிரத்தைத் தாண்டினால் அன்றைக்கே விற்றுவிடுவேன் என்று உனக்குச் சொல்லித்தானே வாங்கினேன். நான் அங்கே இருந்தவரை ஒரு மாதமும் தாண்டவில்லை.

பிழை உன்னுடையது இல்லை. இதை மட்டும் நம்பு.

உன் ரூபன்


களுதாவளை,
01.03.2025

மச்சானுக்கு,

‘பிழை உன்னுடையது இல்லை’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் டோஹாவில் இருந்தீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்?

எனக்கே தெரியவில்லை. பின்னேரங்களில் முற்றத்தில் நிற்கிற காருக்குள் ஏறி உட்காருகிறேன். கண்ணை மூடிக்கொண்டு அந்த வீதியை நினைத்துக் காலை வைக்கிறேன். பிறேக்கைத்தான் மிதித்தேனா, பதற்றத்தில் கிளச்சை மிதித்தேனா? கண்டவுடனே மிதித்தேனா, கண்டு விறைத்துப் போயிருந்து பிறகு மிதித்தேனா? முதல் கிழமை உறுதியாகச் சொன்னேன். இப்போது கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். ஒன்பதாம் வகுப்புக்கு வேகமும் தூரமும் படிப்பிக்கிறவள் நான். ஐம்பதில் போகிற கார் அந்தத் தூரத்துக்குள் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கால் பிந்தியிருக்கிறது. என் கணக்கில் வேறு விடை வரவில்லை.

போன ஞாயிறு பஸ்ஸில் போய்க் கந்தப்போடி ஐயாவைப் பார்த்தேன். காலுக்குள் தகடு வைத்திருக்கிறார்கள். வட்டையில் வெட்டு மெசின் ஓடுகிற சத்தம் அவர் வளவுக்குக் கேட்கிறது. முப்பது வருஷத்தில் தான் நிற்காமல் தன் வேளாண்மை வெட்டுப்படுவது இதுதான் முதல் தரம் என்றார். என்னை ஒரு சொல் ஏசவில்லை. தேத்தண்ணி தரச் சொன்னார். ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. மகளைப் பார்த்துப் பேசினார், சுவரைப் பார்த்துப் பேசினார். பஸ்ஸிற்கு நிற்கும்போது இரண்டு பெண்கள், எனக்குக் கேட்கும்படியாகவே, "இவதான் ரேஸ் காரில பறந்த டீச்சர்" என்றார்கள்.

ஆகவே முடிவெடுத்துவிட்டேன். சித்திரை வருஷப் பிறப்புக்கு முன், ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை, பொலிசுக்குப் போய் நான்தான் கவனமில்லாமல் ஓட்டி அடித்தேன் என்று எழுதிக் கொடுப்பேன். வேலைக்கு என்ன வந்தாலும் வரட்டும். ஒருவர் கால் முறிந்து கிடந்துகொண்டு எனக்காகப் பொய் சொல்ல, நான் கரும்பலகையில் உண்மையான விடை எழுதிக்கொண்டு நிற்க முடியாது.

இன்னொன்று. காத்தான்குடி அஸாம் டோஹாவிலிருந்து லீவில் வந்து, நீங்கள் கொடுத்துவிட்ட பொதியைத் தந்தார். அதற்குள் முன் பிறேக்கின் பாட் ஒரு செற். பில்லும் உள்ளே கிடந்தது. திகதி ஜனவரி 17, விபத்துக்கு நாலு நாள் முந்தி. கொப்பியை எடுத்துப் பார்த்தேன். ‘09.11.2024, 1,04,310 கி.மீ., முன் பிறேக் பாட் மாற்றம், 9,500’ என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. முப்பதாயிரம் கிலோமீற்றர் ஓடும் என்று பக்கத்தில் வேறு எழுதியிருக்கிறீர்கள். விபத்தன்று கார் ஓடியிருந்தது அதன்பின் இரண்டாயிரம் கூட இல்லை. பிறகு ஏன் வாங்கினீர்கள்?

கேதீஸ்வரி


டோஹா,
13.03.2025

கேதா,

இங்கே ஒரு கடையில் மலிவு விற்பனை போட்டிருந்தார்கள். பின்னுக்கு உதவும் என்று வாங்கி வைத்தேன். அதற்கு ஒரு கேள்வியா? பெட்டியைப் பிரிக்காமல் வை, காரோடு சேர்த்துக் கொடுத்தால் வாங்குகிறவனுக்குச் சந்தோசம்.

பொலிசுக்குப் போகாதே. கையெடுத்துக் கேட்கிறேன். உன் வேலை, பென்சன், எல்லாவற்றையும் யோசி. அந்தக் கிழவரே பேசாமல் இருக்கும்போது நீ போய்த் தலையைக் கொடுப்பது என்ன நியாயம்? நீ எப்போதும் இப்படித்தான். கடையில் இருபது ரூபா கூடத் தந்துவிட்டான் என்று வெயிலில் திரும்பிப் போகிறவள். எல்லாரும் உன்னைப்போல் நேராக வாழ முடியாது, கேதா. உனக்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்கு அது எவ்வளவு பாரம் என்று நீ நினைத்துப் பார்த்ததில்லை.

ஜூலையில் எனக்கு லீவு. வந்து நேரில் பேசுகிறேன். அதுவரை பொறு.

ரூபன்


களுதாவளை,
23.03.2025

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் ஒன்றரைப் பக்கம். மலிவு விற்பனை என்று நீங்கள் எழுதிய வரியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். நீங்கள் மலிவாக ஒரு சாமான் வாங்கினால் விலை எவ்வளவு, எவ்வளவு குறைந்தது என்று எழுதாமல் விட்டதே இல்லை. பில்லில் முழு விலைதான் இருக்கிறது.

நம்முடைய காரைத் திருத்துகிற ஹலீம் பாஸை நேற்று வழியில் கண்டேன். முன் சில்லைக் கழற்றிப் பார்க்க அரை மணி நேரம் போதும் என்றார். மேலே ஏதோ சொல்ல வந்தார், நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரும்பைக் கழற்றி உங்களைப் பற்றி அறிய எனக்கு விருப்பமில்லை. அதற்காகவா ஒன்பது வருஷம்? நவம்பர் ஒன்பதாம் திகதி என்ன நடந்தது என்று நீங்களே எழுதுங்கள்.

ஏப்ரல் 8 மாறாது. அதற்கு முன் உங்கள் பதில் வந்தால் வாசித்துவிட்டுப் போவேன். வராவிட்டால் எனக்குத் தெரிந்த கணக்கைச் சொல்வேன், என் கால் பிந்திவிட்டது என்று.

கேதீஸ்வரி


டோஹா,
03.04.2025

கேதா,

தபாலில் போட்டால் பிந்தும். அஸாமின் தம்பி இஷாம் நாளை மறுநாள் பறக்கிறான், அவன் கையில் கொடுக்கிறேன். 8ஆம் திகதிக்கு முன் உன்னிடம் தரவேண்டும் என்று மூன்று தரம் சொல்லியிருக்கிறேன்.

பாட் மாற்றவில்லை.

இந்த இரண்டு சொல்லை எழுத எனக்கு இவ்வளவு நாள் எடுத்தது. இனி எல்லாவற்றையும் எழுதுகிறேன். அன்று சனிக்கிழமை. ஹலீம் பாஸ் சில்லைக் கழற்றிக் காட்டினார். பாட் தேய்ந்து நகத்தின் தடிப்புக்கூட மிச்சமில்லை. டிஸ்க்கும் தேய்ந்து விளிம்பு கட்டியிருந்தது. ஸ்போர்ட் மாடல் என்றபடியால் சாதாரண காருக்குப் போடுகிற சாமான் பொருந்தாது. எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சொன்னார். "தம்பி, இத வச்சி ஓடப்படாது. மழைக்குள்ள நிக்காது" என்றும் சொன்னார். நான்தான் அவரிடம், வாப்பா, இப்போதைக்கு எமறித் தாளால் தேய்த்துச் சத்தத்தை மட்டும் நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன். அதற்கு ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தேன்.

ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தைக் கொப்பியில் எழுதினால் அந்த மாதம் தாண்டிவிடும். தாண்டினால் விற்கிறேன் என்று சொன்னவன் நான். விற்க மனம் வரவில்லை. அவ்வளவுதான், கேதா. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை. ஒன்றும் எழுதாமல் விட்டால், நீ தனியே ஓட்டப் போகிறவள், பிறேக் பார்த்தாயா என்று கேட்பாய். அதற்காக 9,500 என்று எழுதினேன். மிச்சம் எண்ணாயிரத்தை இங்கே வருவதற்கான மெடிக்கல் சோதனைக்குக் கட்டினேன். முதல் சம்பளம் எடுத்ததும் பாட் வாங்கி அனுப்பிவிடலாம், நீ மெதுவாகத்தானே ஓட்டுவாய், ஒன்றும் நடக்காது என்று நினைத்தேன். சம்பளம் எடுத்த அதே கிழமையில் வாங்கினேன். அஸாமின் லீவு ஒரு மாதம் தள்ளிப் போய்விட்டது.

நீ ஆசுபத்திரி வாசலில் இருந்து எடுத்தபோது எனக்கு உடனே விளங்கியது. அதனால்தான் வாயில் முதலில் கார் வந்தது. என்னை மன்னித்துவிடு. உனக்கு அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நீ காருக்குள் உட்கார்ந்து காலை வைத்துப் பார்க்கிறாய் என்று எழுதியிருந்தாயே, அதை வாசித்த பிறகும் மலிவு விற்பனை என்று எழுதினேன். மன்னித்துவிடு, கேதா. என்னில் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பொலிசுக்குப் போவதென்றால் இந்தக் கடிதத்தையும் கொண்டு போ. நான் மறுக்கமாட்டேன். அந்த மனுசனுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொல், கடன் எடுத்தாவது அனுப்புகிறேன். ஆனால் நீ என்னை விட்டுவிடாதே. மன்னித்தேன் என்று ஒரு வரி எழுது, எனக்கு அது போதும்.

ரூபன்


களுதாவளை,
16.04.2025

மச்சானுக்கு,

இஷாம் 7ஆம் திகதி பின்னேரம் வந்து தந்தார். அன்றிரவு இரண்டு தரம் வாசித்தேன். அடுத்த நாள் காலை பொலிசுக்குப் போகவென்று உடுத்திக்கொண்டு பஸ் ஏறினேன். ஆனால் பொலிசுக்குப் போகவில்லை. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து அந்த வீட்டுக்குப் போனேன்.

கந்தப்போடி ஐயா வாசலில் கதிரை போட்டுக் காலை ஸ்ரூலில் நீட்டிக்கொண்டு இருந்தார். மகள் பக்கத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கடிதம் வாசிக்க வேண்டும் என்று சொன்னேன். முழுவதையும் வாசித்தேன். எமறித் தாள், எண்ணாயிரம், எனக்கு எழுதிய சொந்த வரிகள், ஒன்றையும் விடவில்லை. முடித்த பிறகு அவர், ஜனவரிக்குப் பின் முதல் தரமாக, என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப நீ பிறேக் அடிச்சனீயா புள்ள?"

"ஓம் ஐயா. கண்டவுடன அடிச்சன்."

"நான் இவ்வளவு நாளும் நீ கையில போனப் பாத்துக்கொண்டு வந்து இடிச்ச எண்டெல்லா நினைச்சிரிந்தன். புள்ளயளுக்குப் படிப்பிக்க ஆளில்லாமப் போயிடும் எண்டுதான் பொலிசுக்கு அப்படிச் சொன்ன. மனசுக்குள்ள உன்ன ஏசாத நாளில்ல. என்ன மன்னிச்சுக்க மனே."

நான் அந்த முற்றத்தில் குந்தியிருந்து சத்தம் போட்டு அழுதேன். பதினொரு கிழமை, மச்சான். பதினொரு கிழமை நான் என் காலையே நம்பாமல் இருந்தேன். நீங்கள் மறைத்த காசைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. கார் மேல் ஆசைப்பட்டதிலும் இல்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தும் என்னை அந்தக் கார் சீற்றில் உட்கார்ந்து தேடவிட்டீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியை இப்போது எழுத எனக்கு வராது. பொய்க் கணக்கு எழுத எனக்குப் பழக்கம் இல்லை.

கடிதத்தை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். பொலிசுக்குப் போவதோ விடுவதோ இனி அவர் விருப்பம். எந்த விசாரணைக்குக் கூப்பிட்டாலும் வந்து நடந்ததைச் சொல்வேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

காரை ஹலீம் பாஸிடம் விட்டேன். நீங்கள் அனுப்பிய பாட் செற்றைப் பூட்டி, டிஸ்க் இரண்டும் புதிதாகப் போட்டு, முன்பக்க நெளிவும் எடுக்க 1,26,000 முடிந்தது. என் காப்பை அடகு வைத்துக் கட்டினேன். கொப்பியில் உங்கள் 9,500ஐ வெட்டிவிட்டு, டிஸ்க்கின் உண்மையான விலையை அந்த நவம்பர் ஒன்பதாம் திகதிக்கு நேரேயே எழுதினேன். அந்த மாதத்தைத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன், முப்பத்தையாயிரத்தை எப்போதோ தாண்டிவிட்டது. ஆகவே நீங்கள் சொன்னபடி கார் விற்பனைக்கு. இடித்த கார் என்று சொல்லித்தான் விற்பேன், குறைந்த விலைக்குப் போனாலும் பரவாயில்லை. வருகிற காசில் பாதி அவருடைய அடுத்த போக விதைப்புக்கு.

ஜூலையில் வருவீர்கள். இது என் தாய் எனக்குச் சீதனமாகத் தந்த வீடு, நீங்கள் கல்யாணம் முடித்து வந்து இருந்த வீடு. எயார்போட்டில் இருந்து நேரே இங்கே வரவேண்டாம். அவரிடம் கொடுப்பதற்கு முன் உங்கள் கடிதத்தில் எண்ணிப் பார்த்தேன். என்னிடம் இரண்டு இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள், மூன்றாவது இடத்தில் மன்னித்தேன் என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். பிறகு பழைய இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். ‘அந்த மனுசன்’ என்று இருக்கிறது, ‘அந்தக் கிழவர்’ என்று இருக்கிறது. கால் முறிந்து கிடக்கிறவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார். நீங்கள் எழுதிய மூன்று கடிதத்திலும் அவருக்கென்று ஒரு மன்னிப்பு இல்லை.

முதலில் படுவான்கரைக்குப் போங்கள். வாசல் படலையில் நின்று குரல் கொடுக்கவேண்டும், அதற்கு ஒரு பெயர் வேண்டும். முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன், நீங்கள் கவனிக்கவில்லை. திரும்ப எழுதுகிறேன்.

அவர் பெயர் கந்தப்போடி.

கேதீஸ்வரி